கதைமாந்தர் சாவும் காண்போர் கண்ணீரும்

1975ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள். அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘மாஷ்’ என்னும் நெடுந்தொடரின் மூன்றாம் பருவம் அன்றிரவு நிறைவுற்றது. கொரியப் போர்முனையில் இயங்கும் படை மருத்துவமனை ஒன்றே அத்தொடரின் களம். குருதிக்கும் கூக்குரலுக்கும் நடுவே நகைச்சுவையைப் பற்றிக்கொண்டு உயிர்த்திருக்கும் மருத்துவர்களின் கதை அது. அவர்களுக்குத் தலைவர் என்றி பிளேக். அன்பும் தடுமாற்றமும் ஒருங்கே வாய்த்த அந்த எளிய மனிதருக்குப் படைப்பணியிலிருந்து விடுதலை கிடைக்கிறது. தோழர்கள் தழுவி வழியனுப்புகிறார்கள். அவர் ஊர் திரும்பப் புறப்படுகிறார். கதை இத்தோடு முடிந்தது என்று எண்ணும்போது இன்னும் ஒரு சிறு காட்சி வருகிறது. அறுவைக்கூடத்தில் பணி நடந்துகொண்டிருக்கிறது. எழுத்தர் பணி செய்யும் இளைஞன் ரேடார் முகக்கவசம் கூட அணியாமல் உள்ளே வருகிறான். கையில் ஒரு தாள். பிளேக் சென்ற வானூர்தி சப்பான் கடலின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, தப்பியவர் எவருமிலர் என்று படிக்கிறான். ஒருவரும் கதறவில்லை. கைகள் அறுவைப் பணியை நிறுத்தவில்லை. எங்கோ ஒரு கருவி கைதவறித் தரையில் விழும் ஓசை மட்டும் கேட்கிறது.

தொடரின் படைப்பாளர்களாகிய லாரி கெல்பார்ட்டும் ரெனால்ட்சும் அந்தக் கடைசித் தாளை மறைத்தே வைத்திருந்தனர். மற்ற காட்சிகள் எல்லாம் படமாக்கப்பட்ட பின்னரே நடிகர்களுள் பெரும்பாலார்க்கு அதைக் காட்டினர். அன்று அறுவைக்கூடத்தில் நாம் காணும் திகைப்பில் நடிப்பு எவ்வளவு, மெய் எவ்வளவு என்று பிரித்தல் அரிது. ஒளிபரப்புக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடல்கள் வந்து குவிந்தன. சில மடல்களில் கண்ணீர் இருந்தது. சில மடல்களில் சினம் இருந்தது. சிரிக்க வைக்கும் தொடரில் இப்படி ஒரு சாவை எப்படி வைக்கலாம் என்று கேட்டவர் பலர். போரில் எல்லாரும் வீடு திரும்புவதில்லை என்னும் உண்மையைச் சொல்லவே அதைச் செய்தோம் என்பது படைப்பாளர் தந்த விடை. மடல்கள் பலவற்றுக்கு அவ்விருவரும் தம் கையாலேயே மறுமொழி எழுதினர்.

அதே 1975ஆம் ஆண்டில், இத்தொடரோடு எவ்வகைத் தொடர்பும் இன்றி, காலின் ராட்போர்டு என்னும் ஆங்கில மெய்யியலறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். புதினத் தலைவி அன்னா கரேனினாவின் முடிவுக்கு நாம் வருந்துவது எப்படி இயலும் என்பது அவர் எழுப்பிய வினா. அப்படி ஒரு பெண் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. இதை நாம் நன்கறிவோம். அறிந்தும் அழுகிறோம். ஒருவர் தம் தங்கை இறந்த கதையைச் சொல்லக் கேட்டு நாம் கண்கலங்கிய பின், ‘எனக்குத் தங்கையே இல்லை’ என்று அவர் சொல்லிவிட்டால் நம் துயர் அந்த நொடியே வற்றிவிடும். கதையிலோ, இல்லை என்று முன்னமே தெரிந்திருந்தும் துயர் வற்றுவதில்லை. ஆகவே இவ்வழுகை அறிவுக்குப் பொருந்தாதது என்று ராட்போர்டு முடித்தார். கென்டல் வால்ட்டன் போன்றோர் பின்னர் வேறு விடைகளைத் தேடினர். மெய்யியலார் இன்றும் இதைப் பேசி முடித்தபாடில்லை.

அறிவுக்குப் பொருந்தாதது என்னும் அம்முடிவை நான் ஏற்கவில்லை. அழுபவர் எவரும் கதையை மெய்யென்று மயங்கி அழுவதில்லை. மனித மூளை உறவுகளை அறியப் பயன்படுத்தும் அதே வழியால் கதைமாந்தரையும் அறிகிறது. அவ்வழியால் உள்ளே வந்தவர் வெளியேறும்போது, உறவினர் பிரிந்தால் நோகும் இடமே நோகிறது. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் காண்போர் உள்ளத்தில் எழுவது ஒரே உணர்ச்சி அன்று. அழுகை ஒன்று, வெகுளி ஒன்று. இரண்டும் ஒரே மடலில் அடுத்தடுத்த வரிகளில் வரலாம். ஆனால் பிறப்பிடம் வேறு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு களன்களைக் காட்டுகிறார். அழுகைக்கு உரிய நான்கனுள் ஒன்று இழவு. வெகுளிக்கு உரிய நான்கனுள் ஒன்று கொலை. சுற்றத்தாரை இழத்தலையும், இன்பம் பயக்கும் நுகர்ச்சியை இழத்தலையும் இழவு என்னும் சொல்லுக்குள் அடக்குகிறார் உரையாசிரியராகிய பேராசிரியர். நாள்தோறும் கண்டு மகிழ்ந்த கதைமாந்தர் ஒருவர் இவ்விரண்டும் ஆவார். அவர் சாவை ‘இழந்தேன்’ என்று கொள்ளும் உள்ளம் அழுகிறது. ‘கொன்றுவிட்டார்கள்’ என்று கொள்ளும் உள்ளம் வெகுள்கிறது. இக்காலத்து உளவியல் ஆய்வுகள் பலவற்றைப் படிக்கும்போது, இந்தப் பிரிவினையைக் கையில் வைத்துக்கொள்வது எனக்குப் பெருந்துணையாயிற்று.

முதலில் இழவைப் பார்ப்போம். மனித முகம் ஒன்றைக் கண்டவுடன் மூளையின் பின்புறத்தில் அதற்கே உரிய மின்னலை ஒன்று எழுகிறது. கண்டதிலிருந்து ஏறத்தாழ 170 மில்லி நொடியில், அதாவது ஒரு நொடியை ஆறு கூறாக்கினால் ஒரு கூற்றுக்குள், இது நிகழ்ந்துவிடுகிறது. ‘இது திரை, இது நடிப்பு’ என்று எண்ணம் ஓடத் தொடங்கும் முன்பே முகம் முகமாக ஏற்கப்பட்டுவிட்டது. இதில் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இம்மின்னலையை அறிஞர் கண்டுபிடித்ததே திரையில் காட்டிய நிழற்படங்களைக் கொண்டுதான். உயிருள்ள முகத்துக்கு ஒரு வாயில், படத்து முகத்துக்கு வேறொரு வாயில் என்று மூளை வகுத்துக்கொள்ளவில்லை. வகுத்துக்கொள்ளத் தேவையும் இருந்ததில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக, அசைந்து பேசி அழுது சிரிக்கும் முகம் என்றால் அது எதிரே நிற்கும் ஆளின் முகமாகவே இருந்தது. அசையும் படம் வந்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

அம்முகம் எவ்வளவு அருகில் வருகிறது என்பதும் எண்ணத்தக்கது. மாந்தர் தமக்குள் பேணும் இடைவெளிகளை அளந்து 1966இல் நூல் எழுதிய எட்வர்டு ஆல், ஏறத்தாழ ஒன்றரை அடிக்குட்பட்ட தொலைவை மிக நெருங்கியோர்க்கே உரியது என்று வகுத்தார். தாய், சேய், காதலர் ஆகியோர் மட்டுமே அவ்வளவு அருகில் முகம் நோக்குவர். நெடுந்தொடரின் அண்மைக்காட்சியோ நடிகர் முகத்தைத் திரை முழுதும் நிறைத்து, அவ்வளவு அருகில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. கண்ணிமையின் நடுக்கம் தெரிகிறது. தொண்டைக்குழி ஏறி இறங்குவது தெரிகிறது. அடுத்த வீட்டுக்காரரை நாம் இருபது ஆண்டு பழகியும் இவ்வளவு அருகில் நோக்கியதில்லை. அவர் தனியே இருக்கும்போது எப்படி அழுவார் என்பதும் நமக்குத் தெரியாது. கதைமாந்தர் தனியே அழுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இந்த உறவுக்கு 1956இலேயே பெயர் சூட்டினர் டொனால்டு ஆர்ட்டன், ரிச்சர்டு வோல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர். உளநோய் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் அவர்கள் எழுதிய கட்டுரைதான் இத்துறைக்கு அடித்தளம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே நேர்முக உறவு போன்ற ஒன்று உருவாகிறது என்றனர். அப்படித் தோன்றுபவர் குறித்த நாளில் குறித்த பொழுதில் தவறாது வருகிறார். பழைய நிகழ்ச்சிகளை நம்மோடு சேர்ந்து நினைவுகூர்கிறார். ஆனால் அவர் நம்மை அறியார். இதை ஒருதலை உறவு எனலாம். ஒருதலை அன்பைக் கைக்கிளை என்று தனித்திணையாகவே வகுத்த மொழி நம்முடையது. எதிர்முகத்தினின்று விடை வராதபோதும் அன்பு அன்பாகவே இருக்கும் என்பதை அன்றே ஏற்றவர்கள், இன்றைய ஒருதலை உறவையும் ஏளனம் செய்ய மாட்டார்கள் என நம்புகிறேன்.

மூளைக்குள் இவ்வுறவு எங்கே தங்குகிறது? அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புரூம், வாக்னர் முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. ‘கேம் ஆவ் துரோன்சு’ என்னும் அரியணைப் போட்டிக் கதையைத் தொடர்ந்து கண்டுவந்த 19 பேரைக் காந்த ஒத்ததிர்வுப் பொறிக்குள் கிடத்தி, அவர்தம் மூளையின் குருதியோட்டத்தைப் பதிவு செய்தனர். ஒரு பெயரும் ஒரு பண்பும் திரையில் தோன்றும். அப்பண்பு அவருக்குப் பொருந்துமா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சில வேளை தம் பெயர் வரும். சில வேளை தம் நண்பர் ஒன்பதின்மருள் ஒருவர் பெயர் வரும். சில வேளை அத்தொடரின் மாந்தர் ஒன்பதின்மருள் ஒருவர் பெயர் வரும். தன்னைப் பற்றி எண்ணும்போது நெற்றிக்குப் பின்னே, மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய கீழ்ப்பகுதி மிகுதியாக இயங்கும் என்பது முன்பே அறிந்தது. நண்பரை எண்ணும்போது அவ்வியக்கம் சற்றுக் குறையும். கதைமாந்தரை எண்ணும்போது இன்னும் குறையும். பொதுநிலை இதுவே. ஆனால் கதைமாந்தரோடு ஒன்றிப்போகும் இயல்பு மிக்கவர்களிடம், அக்கதைமாந்தரை எண்ணும்போது எழும் இயக்கம் தம்மையே எண்ணும்போது எழும் இயக்கத்தோடு மிக நெருங்கி அமைந்திருந்தது. 2023இல் அதே தரவுகளைக் கொண்டு அவர்கள் இன்னொன்றும் கண்டனர். தனிமை உணர்வு குறைந்தவர்களின் மூளையில் நண்பர் ஒரு வகையாகவும் கதைமாந்தர் வேறொரு வகையாகவும் தெளிவாகப் பிரிந்திருந்தனர். தனிமை உணர்வு மிக்கவர்களிடம் அவ்வெல்லை மங்கியிருந்தது.

பத்தொன்பது பேர் என்பது சிறு தொகை. அதைக்கொண்டு மனித இனம் முழுமைக்கும் விதி எழுதலாகாது. இருந்தும் இம்முடிவு என்னை நெடுநேரம் எண்ண வைத்தது. பிள்ளைகள் அயலூரில், துணைவர் மறைந்த வீட்டில், மாலை தோறும் விளக்கேற்றியபின் தொலைக்காட்சி முன் அமரும் முதியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுக்குள் நாள்தோறும் தவறாது வரும் மனிதர் அந்தக் கதைமாந்தர்தாம். அவரை ஓர் எழுத்தாளர் ஒரே இரவில் இல்லாமல் ஆக்கும்போது, அந்த வீட்டில் வருகையாளர் ஒருவர் குறைகிறார்.

இவ்வுறவு முறிவதையும் அறிஞர் அளந்து பார்த்துள்ளனர். இசுரேல் நாட்டின் யோனத்தன் கோகன் 2003, 2004ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், விரும்பும் தொலைக்காட்சி மாந்தர் இனி வரமாட்டார் என்றால் என்ன செய்வீர்கள் என்று மக்களைக் கேட்டார். பிரிந்துவிடுவாரோ என்று எப்போதும் கலங்கும் பற்றுறவுப் பாங்கு உடையோரே, அதாவது மெய் வாழ்விலும் உற்றாரைப் பற்றி ஓயாது ஏங்குவோரே, மிகுந்த துயரை எதிர்பார்த்தனர். 2004ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ‘பிரெண்ட்சு’ தொடர் பத்தாண்டு ஓட்டத்துக்குப் பின் முடிவுற்றபோது, கோகனும் கெரன் எயால் என்பவரும் 298 மாணவர்களிடம் வினவினர். விருப்பமான மாந்தரோடு கொண்ட உறவு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குத் துயரும் ஆழமாயிருந்தது. தனிமையும் அதனோடு தொடர்புற்றிருந்தது. மெய்யான உறவுமுறிவின் துயரைவிட இது குறைவே என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர்.

இவ்வாய்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் இவற்றில் ஓர் இடைவெளி உண்டு. தொடர் முடிவது வேறு, மாந்தர் கொல்லப்படுவது வேறு. ‘பிரெண்ட்சு’ முடிந்தபோது அந்த ஆறு பேரும் கதையுலகில் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று காண்போர் எண்ணிக்கொள்ளலாம். பிளேக்கை அவ்வாறு எண்ண வழியில்லை. ஊருக்குப் போன நண்பனையும் இடுகாட்டுக்குப் போன நண்பனையும் ஒரே அளவுகோலால் அளந்தால் கிடைக்கும் எண், இரண்டாவதைக் குறைத்தே காட்டும்.

சாவின் துயரை அறிய வேண்டுமெனில் இங்கிலாந்தின் உளநோய் மருத்துவர் பவுல்பியிடம் போக வேண்டும். பற்றுறவு பற்றி அவர் எழுதிய நூல்தொகுதியின் மூன்றாம் நூல் 1980இல் வந்தது; இழப்பே அதன் பொருள். உறவினரை இழந்தோர் முதலில் உணர்விழந்து திகைக்கின்றனர். அடுத்து ஏங்குகின்றனர், தேடுகின்றனர். கூட்டத்தில் அவர் முகம் தெரிவதாகத் தோன்றும். வாயிற்படியில் அவர் காலடி கேட்பதாகத் தோன்றும். பிறகே சாவு உள்ளத்தில் இறங்குகிறது. கதைமாந்தர் இறந்த மறுநாள் காண்போர் செய்வதைப் பாருங்கள். உடலைக் காட்டவில்லையே என்பார்கள். அந்தக் காட்சியை மீண்டும் ஓட்டிப் பார்த்து, மூச்சு அசைகிறதா என்று நோக்குவார்கள். நடிகர் முடிவெட்டிக்கொள்ளவில்லை, ஆகவே திரும்பி வருவார் என்று கணிப்பார்கள். 2015இல் ‘கேம் ஆவ் துரோன்சு’ தொடரில் யான் சுனோ குத்துண்டு விழுந்தபின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உலகெங்கும் நடந்தது இதுவே. பலர் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினர். பவுல்பி சொன்ன தேடல் இதுவே என்பது என் துணிபு. துயரின் ஐந்து படிகள் என்று மக்கள் வழக்கில் அடிபடும் பட்டியலை இங்கே நான் கொண்டுவரவில்லை. கியூப்ளர் இராசு 1969இல் அதை எழுதியது சாவை எதிர்நோக்கிய நோயாளரைப் பற்றி. இழந்தோர் எல்லாரும் அப்படிகளில் வரிசையாக ஏறுவர் என்பதற்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை.

இத்துயருக்கு இன்னொரு சுமையும் உண்டு. அமெரிக்க அறிஞர் கென்னத்து டோக்கா 1989இல் ஒருவகைத் துயரை இனங்காட்டினார். ஊர் ஏற்காத துயர் என்று அதைச் சொல்லலாம். வளர்த்த நாய் இறந்தவர், ஊரறியாத உறவை இழந்தவர் ஆகியோர்க்கு இழவு உண்டு, இழவு கேட்க வருவோர் இல்லை. விடுப்பு இல்லை, சடங்கு இல்லை, தோளில் கை வைப்பார் இல்லை. கதைமாந்தருக்காக அழுபவர் நிலையும் இதுவே. கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் வீட்டிலிருந்தே ஒருவர் நகைத்துவிடுகிறார்.

இவ்வழுகைக்கு எதிராக ஒரு வன்மையான வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பிளேக் கடலில் வீழ்ந்த காட்சி ஒளிபரப்பாகிப் பதினேழு நாள் கழித்து, 1975 ஏப்பிரல் 4ஆம் நாள், சைகோனிலிருந்து பெற்றோரற்ற குழந்தைகளை ஏற்றிப் புறப்பட்ட அமெரிக்கப் படை வானூர்தி ஒன்று மெய்யாகவே வீழ்ந்தது. 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் குழந்தைகள். இல்லாத ஒரு மருத்துவருக்கு அழுதவர்கள் இந்தக் குழந்தைகளுக்கு அவ்வளவு அழுதார்களா என்று கேட்டால் தலைகுனிய வேண்டியதுதான். ஆனால் இக்குறை கதையினால் வந்ததன்று. மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் பெயரையும் காட்டிக் கேட்டபோது மக்கள் கொடுத்த தொகை, பசியால் வாடும் இலக்கக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைக் காட்டிக் கேட்டபோது கொடுத்ததைவிட மிகுதி என்று சுமால், லோவன்சுடைன், சுலோவிக் ஆகியோர் 2007இல் காட்டினர். எண்ணுக்கு அழும் ஆற்றல் நம் மூளைக்குக் குறைவு; முகத்துக்கு அழும் ஆற்றல் மிகுதி. கெல்பார்ட்டு செய்தது அந்த மிகுதியைப் பயன்படுத்திப் போர்ச்சாவு என்பது இத்தகையது என்று உணர்த்தியதே. மூன்று ஆண்டு பழகிய ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு, இப்படித்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் செய்தி வரும் என்று காட்டினார்.

இனி வெகுளிக்கு வருவோம். கதை காண்போர் கைகட்டி அமர்ந்திருப்பதில்லை. ஓயாது அறங்கூறும் அவையத்தாராகவே அமர்ந்திருக்கின்றனர் என்பது தோல்வ் சில்மன் என்னும் ஆய்வாளர் கொள்கையின் சாரம். நல்லவர் என்று தீர்ப்பளித்த மாந்தரிடம் அன்பு வைக்கிறோம்; அவருக்கு நன்மை வர வேண்டும் என்று விழைகிறோம். அவருக்குத் தீமை வந்தால் துன்புறுகிறோம். அத்தீமைக்குக் கதைக்குள்ளே காரணம் இருந்தால் நம் சினம் கதைக்குள்ளிருக்கும் கொடியவர்மேல் பாய்கிறது. கதைக்குள் காரணம் காணாவிட்டால் அச்சினம் திரையைக் கிழித்து வெளியே வருகிறது. எழுதியவர் யார், எடுத்தவர் யார் என்று தேடுகிறது. கதை கொன்றதா, கணக்கு கொன்றதா என்பதே காண்போர் கேட்கும் வினா. ஒப்பந்தம் முடிந்தது, நடிகர் வேறு வாய்ப்புக்குப் போனார், எதிர் நிறுவனத்தை முறியடிக்க வேண்டியிருந்தது என்பன போன்ற புறக்காரணங்களையே கணக்கு என்கிறேன்.

கணக்கின் கை வானொலித் தொடர்களிலேயே தொடங்கியது. 1955 செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தில் முதல் வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே மாலையில், பி.பி.சி. வானொலியின் ‘ஆர்ச்சர்சு’ தொடரில் கிரேசு ஆர்ச்சர் என்னும் இளம்பெண் தீப்பற்றிய குதிரைக் கொட்டிலுக்குள் ஓடி மாண்டாள். நாடே திடுக்கிட்டது, மறுநாள் நாளிதழ்களில் புதிய தொலைக்காட்சியைவிட அச்சாவே பெரிதாகப் பேசப்பட்டது. பிளேக்காக நடித்த மெக்லீன் சிடீவன்சனும் தொடரைவிட்டு விலக விரும்பியவரே. அங்கும் கணக்கு இருந்தது. ஆனால் கெல்பார்ட்டு அக்கணக்கைக் கதையின் அறத்துக்குள் கொண்டுவந்து கரைத்துவிட்டார். கிரேசின் சாவில் அது கரையவில்லை.

2016 மார்ச்சு 3ஆம் நாள் ‘தி 100’ என்னும் அமெரிக்கத் தொடரில் இலெக்சா என்னும் படைத்தலைவி இறந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பெண்ணைக் காதலித்த பெண் அவள். நெடுநாள் காத்திருந்த காதலர் இருவரும் இணைந்த காட்சிக்கு அடுத்தே, வேறொருவருக்கு வைத்த குறி தவறி அவள்மேல் குண்டு பாய்கிறது. நடிகைக்கு வேறொரு தொடரில் நிலையான வேலை கிடைத்திருந்தது என்பது காண்போர்க்குத் தெரியும். அவர்கள் நினைவில் இன்னொன்றும் இருந்தது. தொலைக்காட்சிக் கதைகளில் இத்தகைய பெண்கள் இன்பம் எய்தியவுடன் கொல்லப்படுவது பல்லாண்டுப் பழைய வழக்கம். ஆகவே அவர்கள் அழுதது ஒருத்திக்காக மட்டும் அன்று. தம்மைப் போன்றோர்க்கு நல்வாழ்வு கதையிலும் இல்லையா என்னும் கேள்வி அவ்வழுகைக்குள் இருந்தது. வசைமொழிகளும் வந்தன, அவற்றை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பெரும்பாலோர் வேறொன்று செய்தனர். தற்கொலை எண்ணத்தால் துன்புறும் பால் சிறுபான்மை இளையோரைக் காக்கும் ‘திரெவர்’ அமைப்புக்கு ஓர் இலட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். மூன்று கிழமைக்குப் பின் தொடரின் தலைமைப் படைப்பாளர் பொதுவில் வருத்தம் தெரிவித்து எழுதினார். வெகுளி அறச்சினமாக உயரும்போது அதனால் இவ்வளவு இயலும்.

சினத்துக்கு அஞ்சி இறந்தவரை எழுப்பிவிடுவதும் உண்டு. அது மருந்தன்று. 1985 மே திங்களில் ‘டல்லாசு’ தொடரில் இறந்த பாபி யூயிங், ஓராண்டுக்குப் பின் குளியலறையில் உயிரோடு நின்றார். இடைப்பட்ட பருவம் முழுதும் அவருடைய முன்னாள் மனைவி கண்ட கனவு என்று கதை சொல்லப்பட்டது. 2001இல் இந்தித் தொடரான ‘கியூங்கி சாசு பி கபி பகு தீ’யில் மிகிர் விரானி ஊர்தி நேர்ச்சியில் இறந்தபோது தொலைபேசி அழைப்புகள் நிறுவனத்தைத் திணறடித்தன. மிகிரும் நினைவிழந்த நிலையில் பின்னர்த் திரும்பி வந்தார். காண்போர் மகிழ்ந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் சிந்திய கண்ணீருக்குப் பொருள் இல்லாமற் போயிற்று. அடுத்த முறை ஒருவர் இறந்தால் அவர்கள் அழமாட்டார்கள். எப்போது வருவார் என்று நாள் எண்ணுவார்கள். சாவை விளையாட்டாக்கும் கதை, வாழ்வையும் விளையாட்டாக்கிவிடுகிறது என்பதே என் தீர்ப்பு.

இழவுக்கு வேண்டியது உயிர்த்தெழுதல் அன்று, இழவு காக்க ஓர் இடம். வேல்சு நாட்டுக் கார்டிப்பு நகரின் வளைகுடாக் கரையில் மெர்மெய்டு துறை என்னுமிடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. 2009 சூலையில் ‘டார்ச்வுட்’ தொடரில் இயாண்டோ யோன்சு என்னும் இளைஞன் இறந்தபின், அத்தொடர் படமாக்கப்பட்ட அவ்விடத்தில் மக்கள் மலர்களையும் மடல்களையும் வைக்கத் தொடங்கினர். இயாண்டோ தன் தோழர்களுக்குக் குளம்பி கலந்து கொடுப்பவன். ஆகவே குளம்பிப் பொதிகளை பி.பி.சி.க்கு அனுப்பினர். நலிந்த குழந்தைகளுக்காக நன்கொடை திரட்டினர். துறையின் மேலாளர்கள் அவற்றை அகற்றவில்லை. நினைவுப் பலகை ஒன்றையும் அமைத்தனர். போரில் பட்டவனுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிய மரபில் வந்த நமக்கு, அச்சுவரின் முன் நிற்பவர் என்ன செய்கிறார் என்று விளக்க வேண்டியதில்லை.

கூடியிருந்து அழுவதால் உடலுக்கும் நன்மை உண்டு. ஆக்சுபோர்டின் இராபின் டன்பாரும் அவர் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், துயர்மிகு நாடகப்படம் ஒன்றைக் கூட்டமாகக் கண்டவர்களுக்கு நோவு தாங்கும் ஆற்றல் கூடியதையும், உடன் கண்டவர்கள்மேல் ஒட்டுதல் வளர்ந்ததையும் காட்டினர். ஆவணப்படம் கண்டவர்களிடம் அவ்வாறு நிகழவில்லை. உடலில் ஊறும் எண்டார்பின் என்னும் நோவாற்றியே இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து.

இவை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தபின், ஒரு சாவை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு நான் காட்டுவது குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சியை. ‘செசாமி தெரு’ 1969இல் தொடங்கிய நாள்முதல் அத்தெருவில் கடை வைத்திருந்தவர் ஊப்பர். அவராக நடித்த வில் லீ 1982 திசம்பர் 7ஆம் நாள் காலமானார். வேறொருவரை நடிக்க வைத்திருக்கலாம். ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். படைப்பாளர்கள் அவ்விரண்டையும் விலக்கினர். குழந்தை உளவியல் அறிந்தோரைக் கேட்டு எழுதினர். தூங்குகிறார் என்பது போன்ற மழுப்பல் எதுவும் வரக்கூடாது என்று முடிவு செய்தனர், தூங்கவே அஞ்சும் குழந்தை உண்டென்பதால். ஒளிபரப்பும் முன் குழந்தைகளுக்குக் காட்டிச் சோதித்தனர். பெற்றோர் வீட்டில் இருக்கும் விடுமுறையாகப் பார்த்து, 1983 நவம்பர் 24ஆம் நாளாகிய நன்றியறிதல் நாளில் ஒளிபரப்பினர். அழும் குழந்தைக்கு அருகே ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கும் இவ்வளவு அன்புடையதாக இருக்கலாம்.

அக்காட்சியில், பெரும்பறவை என்னும் மஞ்சட்பறவை தான் வரைந்த படங்களை நண்பர்களுக்குக் கொடுக்கிறது. ஊப்பருக்கு உரிய படம் மட்டும் கையில் எஞ்சுகிறது. அவர் வந்ததும் கொடுப்பேன் என்கிறது. அவர் இறந்துவிட்டார், இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் அமைதியாக எடுத்துச் சொல்கிறார்கள். அவர்கள் கண்களில் அன்று நின்ற நீர் நடிப்பன்று. அப்படங்களை மெய்யாகவே வரைந்தவர், பறவையின் உடைக்குள்ளிருந்து நடித்த கரோல் சிபின்னி. ஊப்பரின் படத்தைப் பறவையின் கூட்டருகே மாட்டினர். அதன்பின் பல ஆண்டுகள் அது அங்கேயே தொங்கியது.